மூன்றாம் நம்பர் மெஷினும் ஆடி வெள்ளி மாவிளக்கும்

சிறுவாச்சூர் மதுரகாளியை நம்பி வாழும் எல்லாருக்கும் என் வணக்கம். என் பெயர் தமிழ்ச்செல்வி. வயது நாற்பத்தேழு. பெரம்பலூரில் வீட்டிலேயே ரவிக்கை தைத்துக் கொடுக்கிறேன். இதை எழுத வேண்டும் என்று போன தை மாதமே நினைத்தேன். உட்கார்ந்தால் சந்தோஷத்தில் கை ஓடவில்லை. இன்றைக்கு எப்படியும் எழுதிவிடுவது என்று தையல் மெஷினை மூடி வைத்துவிட்டு உட்கார்ந்திருக்கிறேன்.

முதலில் பட்ட கஷ்டத்தைச் சொல்லிவிடுகிறேன். பெரம்பலூரில் வீடு பிடித்துப் பாலும் காய்ச்சிவிட்டேன். என் கணவரின் உயிரைப் பிடித்து வைத்திருந்த டயாலிசிஸ் மெஷினோ அரியலூரில் இருந்தது. நடுவில் ஒரு மணி நேர பஸ் பயணம். அந்தப் பயணம்தான் அவரை "இனிமேல் எனக்கு எதுவும் வேண்டாம்" என்று சொல்ல வைத்தது. இந்த மகா புத்திசாலித்தனத்தைச் செய்தது நான்தான், வேறு யாரும் இல்லை.

என் கணவர் ராமலிங்கம் சென்னையில் எலக்ட்ரீஷியனாக இருந்தவர். நான்கு மாடி ஏணியில் ஏறி நின்று பாட்டுப் பாடுகிற ஆள். நான்கு வருஷத்துக்கு முன்னால் கால் வீங்கியது, முகம் வீங்கியது, பார்த்தால் இரண்டு கிட்னியும் போய்விட்டன. வாரத்துக்கு மூன்று நாள் டயாலிசிஸ். ஒவ்வொரு தடவையும் நான்கு மணி நேரம் ரத்தத்தை வெளியே எடுத்துச் சுத்தம் பண்ணி உள்ளே அனுப்புவார்கள். முடிந்ததும் பிரஷர் இறங்கிவிடும். தலை சுற்றும், கால் தசை இழுக்கும். அந்த நிலைமையில் தாம்பரம் பக்கம் இருந்த எங்கள் வாடகை வீட்டுக்கு வந்து சேர இரண்டு மணி நேரம் ஆகும். வந்து மாடிப்படி வேறு ஏற வேண்டும். ஒரு நாள் பாதிப் படியில் உட்கார்ந்துவிட்டார். அங்கேயே என்னிடம் சொன்னார்.

"கொண்டுபோயி வச்சு எடுத்தாற சாமான் மாதிரி ஆயிட்டேன் செல்வி. நானா நடந்து போவணும், நானா திரும்பி வரணும். அப்புடி ஒரு ஊரு எங்க இருக்கோ, அங்க போயிருவோம்."

அவர் கேட்டது அவ்வளவுதான். நான் அதைக் கேட்டுக்கொண்டேனே தவிர, காதில் வாங்கவில்லை. அது எனக்குப் பின்னால்தான் தெரிந்தது.

எந்த ஊர் என்று ஆரம்பித்தோம். ஆளுக்கு ஓர் ஊர் சொன்னார்கள். என் தம்பி திருச்சி என்றான். பெங்களூரில் வேலை பார்க்கிற எங்கள் ஒரே மகள், வாழ்வதற்குச் சிறந்த ஊர்கள் என்று போனில் பட்டியல் பட்டியலாக அனுப்பினாள். காற்று, பூங்கா, பள்ளிக்கூடம் என்று கட்டம் போட்டு மார்க் கொடுத்திருந்தார்கள். விமான நிலையம் எவ்வளவு தூரம் என்று அதில் ஒரு கட்டம். எங்களுக்குத் தெரிய வேண்டியது பாத்ரூம் எவ்வளவு தூரம் என்பதுதான். நானும் சும்மா இருக்கவில்லை. ரவிக்கை அளவு எழுதுகிற நோட்டின் கடைசிப் பக்கத்தில் என் பட்டியலை எழுதினேன். டயாலிசிஸ் மெஷின், கீழ் வீடு, நல்ல தண்ணீர், நிழல், உறவு ஜனம். எழுதிவிட்டுப் பெரிய ஆராய்ச்சி பண்ணிவிட்டதாக நினைத்துக்கொண்டேன்.

உறவு ஜனம் என்கிற கட்டத்தில் ஜெயித்தது செந்துறை. என் கணவரின் அண்ணன் குடும்பம் அங்கே இருக்கிறது. தை மாதம் அங்கே போய்ச் சேர்ந்தோம். அரியலூரில் ஓர் ஆஸ்பத்திரியில் செவ்வாய், வியாழன், சனி என்று மெஷின் கிடைத்தது. மூத்தாரும் அவர் மனைவியும் எங்களைத் தங்கமாகப் பார்த்துக்கொண்டார்கள். உப்பில்லாத குழம்பை அவருக்காக அந்த வீடே சாப்பிட்டது. குறை சொன்னால் நாக்கு அழுகிவிடும். ஆனால் பஸ்ஸுக்கு உறவு முறை தெரியாதே. பங்குனி வெயிலில் டயாலிசிஸ் முடித்துவிட்டு அரியலூர் பஸ் ஸ்டாண்டில் காத்திருப்போம். ஒரு நாளைக்குக் குடிக்க அவருக்கு அளந்து கொடுத்த தண்ணீர் காலையிலேயே முடிந்திருக்கும். எதிரே ஜூஸ் கடை. அவர் அந்தப் பக்கம் திரும்பவே மாட்டார்.

இப்படியே ஆனி மாதம் வந்தது. ஒரு வளைகாப்புக்காகப் பெரம்பலூர் போனேன். போன இடத்தில் ஓர் ஆஸ்பத்திரியில் டயாலிசிஸ் போர்டு. அதற்குப் பின்னால் இரண்டு தெரு தள்ளி ஒரு வாசலில் "வீடு வாடகைக்கு" போர்டு. கீழ் வீடு. வாசலில் வேப்பமரம். ஆஸ்பத்திரிக்கு நடந்தால் பத்து நிமிஷம். எனக்கு மயிர்க்கூச்செறிந்தது. நேரே ஆஸ்பத்திரிக்கு ஓடி டயாலிசிஸ் பிரிவு சிஸ்டரைப் பிடித்தேன். மெஷின் எதுவும் காலியில்லை, பேரை எழுதிவிட்டுப் போங்கள், உங்களுக்கு முன்னால் யாரும் காத்திருக்கவில்லை, அடுத்து ஓர் இடம் காலியானால் உங்களுக்குத்தான் என்று அந்தப் பெண் பொறுமையாகச் சொன்னாள். இத்தனை சொன்னதில் என் காதில் விழுந்தது "உங்களுக்குத்தான்" என்பது மட்டும்.

வீட்டுக்காரம்மா இன்னொரு குண்டைப் போட்டார். ஆனி முடிய ஐந்து நாள்தான் இருந்தது. ஆடி பிறந்துவிட்டால் நம் பக்கத்தில் யார் குடி போவார்கள்? இன்னொரு குடும்பமும் கேட்டிருக்கிறது, ஆனி கடைசி முகூர்த்தத்துக்குள் பால் காய்ச்சுகிறவர்களுக்குத்தான் சாவி என்றார். அவ்வளவுதான். நான் அளவெடுக்காமல் துணியை வெட்டினேன். மெஷின் கிடைக்கட்டும் என்று என் கணவர் சொன்னார், மூத்தார் சொன்னார், தம்பியும் போனில் சொன்னான். அதற்குள் ஆடி வந்துவிடும் என்று எல்லார் வாயையும் அடைத்தேன். முகூர்த்தத்தில் பால் பொங்கியது. அதைப் பார்த்து நானும் பொங்கினேன். பதறாத காரியம் சிதறாது என்பார்கள். நான் பதறியே பிறந்தவள்.

ஆடி பிறந்தது. மெஷின் காலியாகவில்லை. பெரம்பலூரிலிருந்து அரியலூருக்குப் போய்வர வேண்டியதாயிற்று. செந்துறையிலிருந்து போனாலும் கிட்டத்தட்ட அதே நேரம்தான், ஆனால் அங்கே வந்ததும் தாங்கிப் பிடிக்க நாலு பேர் இருந்தார்கள். இங்கே நான் ஒருத்தி. திரும்பப் போய்விடலாம் என்றால், ஆடியில் குடி மாறக் கூடாது, ஆவணி பிறக்கட்டும் என்று மூத்தாரே சொல்லிவிட்டார். இங்கும் இல்லை, அங்கும் இல்லை என்று ஆனோம். என் கணவர் என்னை ஒரு வார்த்தை திட்டவில்லை. திட்டியிருந்தால் தேவலை.

ஆடி இரண்டாம் வியாழக்கிழமை அரியலூர் பஸ் ஸ்டாண்டில் நின்றுகொண்டிருந்தவர் அப்படியே சரிந்துவிட்டார். முகத்தில் தண்ணீர் தெளித்து யார் யாரோ தூக்கி உட்கார வைத்தார்கள். காலில் இருந்த செருப்பு ஒன்று எங்கேயோ போய்விட்டது. வீட்டுக்குள் வந்து சுவரைப் பார்த்தபடி படுத்துக்கொண்டு சொன்னார்.

"போதும் செல்வி. சனிக்கெழம நான் போவல. இனிமே எப்பவும் போவல."

டயாலிசிஸ் நிறுத்தினால் என்ன ஆகும் என்று இந்தக் கஷ்டத்தில் இருக்கிற எல்லாருக்கும் தெரியும். மாதக் கணக்கு கிடையாது. நாள் கணக்குதான். நான் காலில் விழுந்தேன். மகள் போனில் அழுதாள். அவர் அசையவில்லை. நான் தேர்ந்தெடுத்த ஊர் அவரைக் கொல்லப் போகிறது என்று எனக்குத் தெளிவாகத் தெரிந்தது.

மறுநாள் வெள்ளிக்கிழமை. சிறுவாச்சூரில் அம்மன் நடை திறப்பது திங்களும் வெள்ளியும்தான் என்று உங்களுக்குத் தெரியும். பக்கத்து வீட்டு அம்மாவை அவருக்குத் துணையாக வைத்துவிட்டுக் காலை பஸ்ஸில் ஓடினேன். ஆடி முதல் வெள்ளியும் போயிருந்தேன். அங்கே மாவிளக்குக்கு மாவை வீட்டிலிருந்து கொண்டுபோவதில்லை, அரிசியைக் கோயிலில் வைத்தே இடித்துத்தான் போடுவது வழக்கம். முதல் வெள்ளி இடித்தபோது ஒவ்வொரு உலக்கைக் குத்துக்கும் ஒரே வேண்டுதலைச் சொன்னேன். ஓர் இடம் காலியாகணும் தாயே. ஓர் இடம் காலியாகணும். இந்த வெள்ளியும் அதையேதான் சொல்லி இடித்தேன். கண்ணீரும் மாவிலேயே விழுந்தது.

ஆடி வெள்ளிக் கூட்டம் கேட்க வேண்டுமா. ஓர் உரலுக்கு நாலு பேர் காத்திருந்தார்கள். என் பக்கத்தில் ஓர் அக்கா ஊறிய அரிசியைத் தண்ணீர் வடித்து வைத்துக்கொண்டு நின்றார். எளம்பலூர்ப் பக்கம், பெயர் மலர்க்கொடி. நான் அழுதுகொண்டே இடிப்பதைப் பார்த்து உலக்கையை வாங்கிக்கொண்டார். "நீ கொஞ்சம் ஒக்காரு, ரெண்டு பேருதையும் நானே இடிக்கிறேன்" என்று என் அரிசியோடு அவர் அரிசியையும் உரலில் கொட்டினார். நல்ல வாட்டசாட்டமான உடம்பு. பத்தே நிமிஷத்தில் மாவு ஆகிவிட்டது. வெல்லத்தைத் தட்டிப் போட்டுப் பிசையும்போது என்ன வேண்டுதல் என்று நான் பேச்சுக்குக் கேட்டேன்.

"எங்க வூட்டுக்காரருக்குத்தான். பெரம்பலூருல வாரம் மூணு நாளு ரத்தம் சுத்தம் பண்றாங்க. செவ்வா, வியாழன், சனி. மூணு வருசமா அதே மூணாம் நம்பரு மெசினு" என்றார். அடுத்த வாரம் ஒரு பெரிய காரியம் இருக்கிறது, நடக்கும் முன்னால் வாய் விட்டுச் சொல்லக் கூடாது, நல்லபடி முடிய வேண்டும் என்றும் சொன்னார்.

எந்த ஆஸ்பத்திரி என்று கேட்டேன். அதே ஆஸ்பத்திரி.

பிசைந்துகொண்டிருந்த கை நின்றுவிட்டது. மெஷின் தானாகக் காலியாகாது. டயாலிசிஸில் ஓர் இடம் காலியாகிறது என்றால் பெரும்பாலும் என்ன அர்த்தம்? மூன்று வருஷமாக ஆஸ்பத்திரி வராந்தாவில் உட்கார்ந்தவளுக்கு அது தெரியாதா? தெரியும். தெரிந்தும் நான் நினைத்துப் பார்க்கவில்லை. இரண்டு வெள்ளியாக உலக்கை போட்டு நான் கேட்டது எவர் உயிரை? இதோ என் அரிசியைத் தன் கையால் இடித்துக் கொடுத்தாளே, இவள் புருஷன் உயிரையா? அவரிடம் எதுவும் சொல்லத் தைரியம் வரவில்லை.

சன்னதிக்கு முன்னால் மாவிளக்கை ஏற்றி வைத்தோம். இரண்டு பேர் அரிசியும் கலந்த மாவு. அந்தச் சுடருக்கு முன்னால் நான் வேண்டுதலைத் திரும்ப வாங்கிக்கொண்டேன். வாழ்க்கையில் முதல் தடவையாக ஒரு வேண்டுதலை வாபஸ் வாங்கினேன். "தாயே, தெரியாமல் கேட்டுவிட்டேன். யாரையும் அந்த இடத்திலிருந்து எழுப்பாதே. அந்த அக்காவின் வீட்டுக்காரரும் இருக்கட்டும், என் வீட்டுக்காரரும் இருக்கட்டும். எப்படி என்று எனக்குத் தெரியாது. உனக்குத் தெரியும்" என்றேன். அழுகை நின்றுவிட்டது. ஏன் நின்றது என்று இன்றைக்கும் எனக்குச் சொல்லத் தெரியவில்லை.

சனிக்கிழமை அவர் சொன்னபடியே போகவில்லை. தயவுசெய்து யாரும் இப்படிச் செய்யாதீர்கள். ஞாயிற்றுக்கிழமை முகம் வீங்கியது. திங்கட்கிழமை காலை மூச்சு இரைத்தது. படுக்க முடியாமல் தலையணையைக் கட்டிப் பிடித்து உட்கார்ந்திருந்தார். பெரிய ஆஸ்பத்திரிக்குத் தூக்கிக்கொண்டு போய்விடுவது என்று நான் ஆட்டோவுக்குச் சொல்லப் புறப்பட்ட நேரம் போன் அடித்தது. சிஸ்டர்.

"ஒங்களுக்கு எடம் வந்துருச்சும்மா. நாளைக்குக் காலைல மொத ஷிப்ட். மூணாம் நம்பரு மெஷினு."

நியாயமாக நான் துள்ளியிருக்க வேண்டும். வாசலில் வேப்பமரத்தடியில் உட்கார்ந்துவிட்டேன். அந்த அக்காவின் முகம் கண் முன்னால் வந்தது. அவருக்கு என்ன ஆச்சு சிஸ்டர் என்று கேட்டேன். அந்தக் கேள்வியைக் கேட்க நான் எவ்வளவு நேரம் எடுத்துக்கொண்டேனோ, அந்தப் பெண் இரண்டு தடவை ஹலோ ஹலோ என்றாள்.

"அவருக்கு ஒண்ணுமில்லம்மா. அவங்க வூட்டம்மாவே கிட்னி குடுக்குறாங்க. மதுரைல ஆபரேஷன். ரெண்டு பேரும் நேத்தே கெளம்பிப் போயிட்டாங்க."

எனக்குக் கத்த வேண்டும்போல் இருந்தது. கத்தினேன் என்றே நினைக்கிறேன், பக்கத்து வீட்டு அம்மா ஓடி வந்தார். அந்தப் பெரிய காரியம் இதுதானா! வாய் விட்டுச் சொல்லாமல் வைத்திருந்தது இதைத்தானா! என் அரிசியை இடித்த அந்த உடம்பிலிருந்துதான் ஒரு கிட்னி போகப் போகிறது. என் கணவருக்கு மூச்சு இரைக்கிறது என்று அழுதுகொண்டே சிஸ்டரிடம் சொன்னேன். நாளை வரை காத்திருக்காதீர்கள், இப்போதே கூட்டி வாருங்கள் என்றவள், டாக்டரிடம் பேசிச் சாயங்காலமே அவசரத்துக்கு ஒரு மெஷினில் போட வைத்தாள். இனி பஸ் இல்லை, நடக்கிற தூரத்தில் மெஷின் என்றதும் என் கணவரும் வருவதாகத் தலையாட்டினார். டாக்டர் எங்கள் இரண்டு பேரையும் வாங்கு வாங்கென்று வாங்கினார். என் காதுக்கு அது தேனாக இருந்தது.

இன்னொன்றையும் சொல்ல வேண்டும். ஆபரேஷன் நல்லபடி முடிந்தால்தான் அந்த இடம் எங்களுக்கு நிரந்தரம், இல்லாவிட்டால் அவர் திரும்பி வரவேண்டியிருக்கும் என்று சிஸ்டர் சொல்லியிருந்தாள். அம்மன் கணக்கைப் பாருங்கள். எவர் இடம் காலியாக வேண்டும் என்று கேட்டேனோ, அவர் நூறு வயது இருக்க வேண்டும் என்று நானே நாள் முழுக்கக் கும்பிடும்படி ஆயிற்று. அந்த வாரம் தையல் மெஷினில் உட்கார்ந்தாலும் அதே வேண்டுதல், அடுப்பு முன்னால் நின்றாலும் அதே வேண்டுதல். ஆடி மூன்றாம் வெள்ளி செய்தி வந்தது. கிட்னி வேலை செய்கிறது. இரண்டு பேரும் நலம்.

என் கணவருக்கு முதல் இரண்டு வாரம் ஆட்டோதான். மூன்றாவது வாரம் ஒரு செவ்வாய்க்கிழமை காலையில் பையைத் தானே எடுத்து மாட்டிக்கொண்டார். போர்வை, பைல், ரொட்டி எல்லாம் தானே எடுத்து வைத்திருந்தார். நீ வர வேண்டாம் என்றார். சரி என்று சொல்லிவிட்டு இருபதடி பின்னால் நான் போனேன். அவர் வேப்பமரத்தைத் தாண்டினார், மளிகைக் கடையைத் தாண்டினார், டீக்கடையில் யாரிடமோ தலையாட்டினார். முனையில் நின்று திரும்பிப் பார்க்காமலே, "வூட்டுக்குப் போ செல்வி, பூட்டாம வந்துருப்ப" என்றார். உண்மையாகவே நான் கதவைப் பூட்டாமல்தான் வந்திருந்தேன். நடு ரோட்டில் நின்று சிரித்தேன், அழுதேன், வீட்டுக்கு ஓடினேன்.

மத்தியானம் தானே நடந்து வந்து சேர்ந்தார். வழியில் ஒரு கிலோ சின்ன வெங்காயம் வாங்கி வந்திருந்தார். நாலு இடத்தில் நின்று நின்றுதான் வந்தாராம். உட்கார்ந்து எல்லா வெங்காயத்தையும் உரித்தார். அப்போது பாடினார். இரண்டு வருஷமாகப் பாடாத மனிதர்.

சிறந்த ஊர் எது என்று மகள் அனுப்பிய பட்டியல்களில் எங்கேயும் பெரம்பலூர் இல்லை. இருக்கவும் வேண்டாம். ஒரு மனிதன் யார் கையையும் பிடிக்காமல் தானாகப் போய்த் தானாக வரும் ஊர் எதுவோ, அவனுக்கு அதுதான் ஊர். அவர் அதை மாடிப்படியில் உட்கார்ந்தே சொன்னார். அதை நான் நோட்டில் எழுதியிருந்தால் இத்தனை அலைச்சல் இல்லை.

தை மாதம் முதல் வெள்ளி நேர்த்திக்கடன் செலுத்தச் சிறுவாச்சூர் போனோம். அவரும் வந்தார். அங்கே உரல் பக்கத்தில் மலர்க்கொடி அக்கா நின்றார். இளைத்திருந்தார், முகம் மட்டும் பளபளவென்று இருந்தது. அவர் கணவரும் மூக்கில் மாஸ்க்கோடு கொஞ்சம் தள்ளி நாற்காலியில் இருந்தார். அக்கா உலக்கையை எடுக்கப் போனார். நான் பிடுங்கிக்கொண்டேன். இந்தத் தடவை நீங்கள் உட்காருங்கள் என்று அவர் அரிசியையும் என் அரிசியையும் ஒன்றாகக் கொட்டி நானே இடித்தேன். இடிக்க இடிக்க மனசு பொறுக்கவில்லை. உண்மையைச் சொல்லிவிட்டேன்.

"அக்கா, என்ன மன்னிச்சுருங்க. ஆடியில நான் இங்க வேண்டுனது ஒங்க வூட்டுக்காரரு படுத்திருந்த எடம் காலியாவணும்னுதான். யாரு எடம்னு அப்பத் தெரியாது."

அக்கா என்னையே பார்த்தார். கோபப்படுவார் என்று உலக்கையை நிறுத்திவிட்டேன். அவர் வெல்லத்தைத் தட்டிக்கொண்டே சொன்னார்.

"அதுக்கேன் அழுவுற? நானும் மூணு வருசமா அதத்தான் வேண்டிக்கிட்டிருந்தேன்."

அம்மனை நம்புகிறவர்களே, எங்கே வாழ்வது, என்ன செய்வது என்று தவிக்கிறவர்களே, சிறுவாச்சூருக்கு வாருங்கள். பதற்றத்தோடு வந்தாலும் பரவாயில்லை, நானும் அப்படித்தான் வந்தேன். தப்பாகக் கேட்டுவிட்டோமே என்றும் பயப்படாதீர்கள். இடித்த மாவைச் சலிக்கிற மாதிரி நம் வேண்டுதலையும் அவள் சலித்துத்தான் எடுத்துக்கொள்கிறாள். இன்றைக்குச் செவ்வாய்க்கிழமை. மணி பன்னிரண்டரை. வாசலில் கேட் திறக்கிற சத்தம் கேட்கிறது. என் வீட்டுக்காரர் நடந்து வந்துவிட்டார்.